இல்லாத மீன்கொத்தி

பெரியக்கா கையைத் தூக்கினார். பின்னால் வந்த நாங்கள் நான்கு பேரும் அப்படியே நின்றோம். பஸ் டிரைவர் ஒரு காலை முன்னால் எடுத்திருந்தார். அதைப் பின்னால் இழுக்கவும் இல்லை, ஊன்றவும் இல்லை. ஆற்றின் மேல் மூடுபனி படுத்துக் கிடந்தது. அக்கரை என்று ஒன்று இருப்பதற்கு அடையாளமாகச் சில மரங்களின் நுனி மட்டும் தெரிந்தது, அதுவும் எதிலும் ஒட்டாமல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

"மீன்கொத்தி," என்றார் பெரியக்கா, திரும்பாமல். "வளைவுக்கு அந்தப் பக்கம். ஒத்தையா இருக்கு."

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். எங்கள் கூட்டத்தின் வழக்கம் அது. முதலில் காது, அப்புறம்தான் கண். பறவையின் பேரைக் காதால் கேட்டுச் சொல்லி முடிக்கும் வரை கழுத்தில் தொங்கும் பைனாகுலரைத் தொடக்கூடாது. "கண்ணு ஆசைப்பட்டதத்தான் பாக்கும். காதுக்கு ஆசை கிடையாது" என்பார் பெரியக்கா. முன்னால் போகிறவர் கை தூக்கினால் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் யாரும் கை தூக்கக் கூடாது. இரும்புப் பாலத்தில் ஆரம்பித்து, ஆற்றோரமாக நடந்து, தடுப்பணையைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் பழைய பம்பு வீடு வரைக்கும் பறவையின் பேரைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கக் கூடாது. பம்பு வீட்டில் டீ. அங்கே இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டால், இவ்வளவையும் எப்படி அடக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தண்ணீர் கேட்டது. டிரைவரின் மூச்சு கேட்டது. மீன்கொத்தி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. வருஷா வருஷம் குளிர் வந்ததும் இந்த வளைவில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருமாம். இந்த வருஷம் வரவில்லை. ஆனால் பெரியக்காவுக்கு வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தேன். மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். டிரைவரும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அதே நேரத்தில் பெரியக்காவின் கம்பளித் தொப்பிக்கு நேர் மேலே, இலையில்லாத கிளையில் ஏதோ ஒரு சின்னப் பறவை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக் கொடுத்ததாகிவிடும். இருக்கிற பறவையை விட்டுவிட்டு, இல்லாத பறவையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றோம். இதில் வினோதம் என்னவென்றால், கொஞ்ச நேரம் அப்படி நின்றதும் எனக்கு அந்த மீன்கொத்தி மெல்லக் கேட்க ஆரம்பித்தது. பனிக்கு அந்தப் பக்கம், ரொம்ப தூரத்தில்.

நான் இந்த ஊருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்து வந்தவன். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத பெரிய அறை. துவைக்கிற மெஷின்கள் ஒரு சுவர் முழுக்க, உலர்த்துகிறவை எதிர்ச் சுவர் முழுக்க. நடுவில் இஸ்திரி உருளை. ஈரப் படுக்கை விரிப்பு ஒரு பக்கம் போனால் மறுபக்கம் சூடாக, மொடமொடவென்று வரும். அதன் இரண்டு மூலையை நான் பிடிப்பேன், இரண்டு மூலையை எதிரே நிற்கிறவர் பிடிப்பார். நெருங்கி வந்து மடிப்போம், விலகுவோம், மறுபடி நெருங்குவோம். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒரு வார்த்தை பேச முடியாது, அவ்வளவு சத்தம். கையாலும் புருவத்தாலும்தான் பேச்சு. வேலை முடிந்தால் தையல் கடைக்கு மேலே என் அறை. அங்கே பேசுவதற்கு ஆள் இல்லை. ஒரு நாள் அறையில் கால் இடறி "ஐயோ" என்றேன், என் குரல் எனக்கே யாரோ கதவைத் தட்டின மாதிரி இருந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போக இடமில்லாமல் பாலத்துப் பக்கம் போனேன். இவர்கள் எல்லோரும் நின்று ஒரே திசையில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மேலேயிருந்து குதிக்கப் போகிறார்கள் என்று பயந்து நானும் ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "யாருங்க? எங்கங்க?" என்றேன். பெரியக்கா உதட்டில் விரலை வைத்தார். அப்புறம் தன் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். யார், எந்த ஊர், என்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. கரும்பச்சை மரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி, தலையில் மஞ்சள் கோடு, தலைகீழாகத் தொங்கி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் அதைப் பார்த்த பிறகு அடுத்த ஞாயிறும் போனேன். அன்று சின்னக்கா டீக்கு இன்னொரு டம்ளர் கொண்டுவந்திருந்தார். எனக்கு. ஒரு வாரம் காய்ச்சலில் போகாமல் இருந்தபோது, டிரைவர் தன் பஸ்ஸைத் தையல் கடை வாசலில் நிறுத்தி, பயணிகள் திட்டத் திட்ட ஹாரன் அடித்து, நான் ஜன்னலில் தலை நீட்டிய பிறகுதான் கிளம்பினார். அந்த ஹாரனை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பெரியக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு விடுவதை வைத்தே யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊர்ல இருக்குற எல்லாப் புருஷன் பொண்டாட்டி சண்டையும் இந்தக் காதுல கேட்டாச்சு. அதுக்கப்புறம் யாருக்குடா ஆசை வரும்?" என்பார். சின்னக்கா அவர் தங்கை. வீட்டுக்காரர் போனபிறகு அக்காவோடு வந்து இருக்கிறார். பறவை என்றால் அவருக்கு அவ்வளவு இஷ்டம் கிடையாது. அக்காவைத் தனியாக விட முடியாமல், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். மருந்துக்கடைக்காரர் ரொம்ப உயரம். அவரை ஏணி என்றுதான் கூப்பிடுவோம். அவரும் "ஏணி பேசுறேன்" என்றுதான் போன் எடுப்பார்.

இந்த வாரம் நடுவில் ஒரு மத்தியானம் சின்னக்கா சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்து நின்றார். கையில் துணிப்பை. நான் வெளியே வந்ததும் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கெட்டில், அடி கருகி, மூக்கு உருகிப்போய்.

"இது ரெண்டாவது. விசில் அடிக்கிற கெட்டில்டா தம்பி. தெருமுனை வரைக்கும் கேக்கும். இவ பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறா. கேட்டா, யோசனையில இருந்தேங்குறா."

நான் உருகின மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"உனக்கும் தெரியும்தான?"

"தெரியும்க்கா."

"எல்லாருக்கும் தெரியுது. அவளுக்கு மட்டும் தெரியல. பேசுனா கேக்குது, வண்டி வந்தா கேக்குது. கீச்சுன்னு இருக்குற சத்தம்தான் போச்சு. டாக்டர்ட்ட காட்டுனா காது மெஷின் தருவாங்க. காட்டணும்னா முதல்ல கேக்கலன்னு அவ ஒத்துக்கணும். ஏணி வேற, பொய்க்குத் தலையாட்டித் தலையாட்டி கழுத்து வலிக்குது, அடுத்த மாசத்துலேர்ந்து வேற கூட்டத்தோட போறேங்குறார். நீ சொல்லிரு."

"நானா?"

"நீதான் கடைசியா வந்தவன். உன்மேல கோவம்னா ஒரு வாரம். என்மேல கோவம்னா ஆயுசுக்கும். ஒரே வீட்ல இருக்கேன்டா நான். ஞாயித்துக்கிழமை பம்பு வீட்ல டீ குடிக்கிறப்ப சொல்லிரு. நாங்க ஒதுங்கிக்கிறோம்."

"கோவிச்சுக்கிட்டு நடக்கவே வரமாட்டேன்னுட்டா?"

சின்னக்கா பையின் வாயைச் சுருட்டி மூடினார். எனக்கு அதுதான் பயம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரியக்கா வராவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அது இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரில் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைதான்.

இன்னொன்றும் இருந்தது, அதைச் சின்னக்கா சொல்லவில்லை. நான் முதல் நாள் பார்த்தேனே, தலையில் மஞ்சள் கோடு போட்ட குருவி, அதற்கு எங்கள் கூட்டத்தில் ஊசிக்குருவி என்று பேர். குரல் அவ்வளவு மெல்லிசு. காதில் விழுகிறதா, நாமே நினைத்துக்கொள்கிறோமா என்று சந்தேகம் வரும். பெரியக்காவுக்கு எல்லாவற்றையும் விட அதுதான் இஷ்டம். இந்தக் குளிர்காலம் ஆரம்பித்ததிலிருந்து அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை பம்பு வீட்டில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது இனி வராது. இந்தக் காடு அதுக்குப் பிடிக்காமப் போச்சு. அவ்வளவு சின்ன உசுரு, எங்க போய்ச் செத்துச்சோ" என்றார். அப்போது கூரைக்கு மேலேயே இரண்டு ஊசிக்குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. டிரைவர் செருப்பைப் பார்த்தார். ஏணி கண்ணாடியைத் துடைத்தார். நான் டீயைக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டேன்.

இன்று வளைவைத் தாண்டி நடந்தோம். கரையோரப் புல் எல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது, மிதித்தால் நொறுங்கியது. வரிசையில் பெரியக்காவுக்கு அடுத்து நான். அவருடைய தொப்பியையும் மூச்சுப் புகையையும் பார்த்தபடி, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வேண்டாம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்தால் தப்பு என்று ஆகிவிடும். அக்கா, எங்க வீட்ல ஒருத்தருக்கு இப்படித்தான். அப்படி யாரும் கிடையாது. எதைச் சொல்லிப் பார்த்தாலும் அது சலவைக்கூடத்தில் கத்துகிற மாதிரியே இருந்தது, வாய் அசைகிறது, வார்த்தை போய்ச் சேரவில்லை. சூரியன் பனிக்குள் எங்கேயோ கரைந்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒரே பால் நிறமாக இருந்தது. நடக்கிறோமா நிற்கிறோமா என்றே புரியவில்லை. மரங்கள்தான் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி வந்து, பார்த்துவிட்டுப் பின்னால் போயின.

தடுப்பணைக்கு வந்தோம். அங்கே தண்ணீர் விழுகிற சத்தம் தரையிலேயே அதிரும். காலடி கேட்காது. அதைத் தாண்டினதும் பாதை ஆற்றை விட்டுப் பிரிந்து காட்டுக்குள் நுழையும். ஊசியிலை மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கமாக, கரும்பச்சையாக நிற்கும்.

அப்போதுதான் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. அணையின் தடித்த சத்தம் கீழே கிடக்க, அதற்கு மேலே, மேலே, யாரோ வெள்ளி நூலை அறுத்து அறுத்துப் போடுவது போல. ஊசிக்குருவிகள். ஒரு கூட்டமே வந்திருந்தது. இத்தனையை நாங்கள் யாரும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கிளைகளிலிருந்து உறைபனி பொடிப்பொடியாக உதிர்ந்தது, அது உதிர்கிற இடமெல்லாம் ஒரு குருவி.

நான் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் கை தூக்கவில்லை, யாரும் சொல்லவில்லை, தானாக நின்றிருந்தார்கள். பறவையே பிடிக்காத சின்னக்காகூடப் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி பைனாகுலரைத் தொடவில்லை.

பெரியக்கா மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

அதே வேகத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்கிற பாவனையில். பின்னால் நாங்கள் வருகிறோம் என்றே நினைத்துக்கொண்டு. அந்தக் குருவிகளுக்கு அடியிலேயே, உதிர்கிற உறைபனி தோளில் விழ விழ, யாரும் இல்லாத வரிசைக்குத் தலைமை தாங்கிப் போனார். பனி அவர் கால்களை எடுத்துக்கொண்டது. பிறகு அவர் போட்டிருந்த கோட்டையும். தொப்பி மட்டும் தெரிந்தது.

டிரைவர் வாயைத் திறந்து கூப்பிடப் போனார். சின்னக்கா அவர் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்தார். பம்பு வீடு வரை பொறுக்க முடியாது என்று எனக்கும் தெரிந்தது. இன்னும் பத்தடி போய்ப் பெரியக்கா தானாகத் திரும்பிப் பார்த்தால், யாரும் இல்லாத பாதையைப் பார்ப்பார். அதை அவர் தனியாகப் பார்க்கக் கூடாது.

ஓடினேன். பக்கத்தில் போய்க் கோட்டுக் கையைத் தொட்டேன். பெரியக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். முதலில் என் மேல் கோபம். நடக்கும்போது யாரும் யாரையும் தொடக்கூடாது. பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தார். பனியும் பாதையும்தான் இருந்தன.

"எங்கடா எல்லாரும்?"

"நின்னுட்டாங்கக்கா."

"யார் நிக்கச் சொன்னா?"

"ஊசிக்குருவி வந்திருக்குக்கா."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "எங்க? எங்கடா?" என்று காட்டுப் பக்கம் திரும்பினார். "எவ்வளவு தூரம்?"

நான் மேலே கை காட்டினேன். எங்கள் தலைக்கு மேல் கிளையில் ஒன்று இருந்தது. கத்திக்கொண்டிருந்தது. அதன் அலகு திறந்து மூடுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அலகு திறந்தது, மூடியது, திறந்தது. அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"இப்பக் கத்துதா?"

"ஆமாக்கா."

"சத்தமாவா?"

"காது கூசுதுக்கா."

அவர் கையுறையைக் கழற்றிக் காதைத் தேய்த்தார், தொப்பிதான் மறைக்கிறது என்பது போலத் தொப்பியையும் தூக்கினார். நரைத்த முடி குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியைத் திரும்பப் போடவில்லை.

"வளைவுல மீன்கொத்தி?"

"இல்லக்கா."

"போன வாரம்?"

"அப்பவும் இல்ல."

"பாலத்துக்கிட்ட வாலாட்டிக் குருவின்னேனே. மாசத் தொடக்கத்துல."

"இல்லக்கா."

"அந்தப் பட்ட மரத்துல..."

"அதுவும் இல்லக்கா."

ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். ஒரு குளிர்காலம் முழுக்க அவர் மரங்களில் உட்கார வைத்த பறவைகளை நான் ஒவ்வொன்றாகக் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தேன். இதை நான் எப்படியெல்லாமோ சொல்ல நினைத்திருந்தேன், இப்படி நினைக்கவில்லை.

"பம்பு வீட்ல ஆந்தை?"

"ஆந்தை இருந்துச்சுக்கா! நிஜமாவே இருந்துச்சு. ஏணி பாத்தாரு."

"பரவாயில்ல. ஆந்தையாவது வந்துச்சு." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியிலேயே நின்றது. "எல்லாப் பயலும் தலையாட்டுனீங்களேடா."

"ஆமாக்கா."

"நீயுமா?"

"நீங்க சொன்னீங்கன்னா எனக்குக் கொஞ்ச நேரத்துல கேக்கும்க்கா. மீன்கொத்தி இன்னிக்கும் கேட்டுச்சு."

அவர் என்னை முறைத்தார். நிஜமான கோபம். "திருட்டுப் பய," என்றார். பிறகு குரலை இறக்கி, "இது... போன மாசமெல்லாம்? வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

"வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு வாரம்கூட வராம இல்லக்கா."

"சாகல."

"சாகலக்கா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மேலே இருந்து விழுந்த உறைபனியைத் துடைத்துக்கொண்டாரா, தெரியவில்லை. மேலே இருந்த குருவி பறந்து எங்கள் ஆட்கள் நின்றிருந்த பக்கமாகப் போனது. பெரியக்கா அதன் பின்னாலேயே திரும்பினார். "நீ போ," என்றார். "போய் நில்லு. நான் வரேன்."

"இல்லக்கா, சேர்ந்தே..."

"போடா. கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போற அளவுக்கு இன்னும் ஆகல."

போனேன். அடுத்த ஞாயிறு இருக்குமா என்ற கேள்வி வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மூன்று பேரும் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார்கள். சின்னக்கா புருவத்தைத் தூக்கி என்னைக் கேட்டார். எனக்குப் புருவத்தால் பதில் சொல்லத் தெரியும், ஆனால் இதற்குத் தெரியவில்லை. போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். குருவிகள் இப்போது இடது பக்க மரங்களுக்கு இறங்கியிருந்தன, குரல் கூட்டமாக மெல்ல நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியக்கா வந்தார். பனிக்குள்ளிருந்து முதலில் வெறும் தலை, பிறகு கோட்டு, பிறகு கால். வரிசைக்கு முன்னால் அவருடைய இடம் காலியாக இருந்தது. அங்கே நிற்கவில்லை. எங்களைக் கடந்து, ஏணியையும் கடந்து போய், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து எங்கள் பக்கம் திரும்பி நின்றார். சின்னக்கா தன் கழுத்திலிருந்த துப்பட்டாவை அவிழ்த்து அவர் தலையில் போட்டுக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். பெரியக்கா தடுக்கவில்லை.

அவர் மரங்களைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார். குருவிகள் இடமிருந்து உச்சிக்குப் போயின, நாங்கள் நான்கு பேரும் நிமிர்ந்தோம். ஒன்று தனியாகக் கத்தியபடி பாதைக்குக் குறுக்கே போனது, நான்கு முகமும் ஒன்றாகத் திரும்பின. ஏணியின் வாய் தானாகத் திறந்தது. டிரைவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். துப்பட்டாவுக்குள் பெரியக்காவின் முகமும் மெதுவாக, எங்களுக்கு ஒரு நொடி பிந்தி, எங்களோடு இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.